பழைய செப்புத்தகட்டு வரைபடங்களின் சித்திரங்களைப் படிப்பது எப்படி?

16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவில் அச்சான வரைபடங்களில் ஊரும் ஆறும் மலையும் மட்டும் இருப்பதில்லை. கடலில் திமிங்கிலமும் போர்க்கப்பலும், ஓரங்களில் அரசர்களும் பெண்களும், தலைப்பைச் சுற்றிச் சிங்கமும் பூமாலையும் பீரங்கியும் நிறைந்திருக்கும். இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு நிலத்தை மட்டும் பார்ப்பவர்கள், வரைபடத்தின் பாதியைப் படிக்காமலே மூடிவைக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கடற்கரை எங்கே வளைகிறது என்பதை அளந்தவர் சொன்னார். அந்தக் கடற்கரை யாருடையது, அங்கே என்ன கிடைக்கும், அங்கு வாழ்பவர்களை எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் ஓரத்துச் சித்திரம்தான் சொன்னது.

இதைப் படிக்க லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கலை வரலாற்றில் பட்டமும் தேவையில்லை. பொறுமையும் ஓர் ஒழுங்கும் போதும். அந்த ஒழுங்கைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

நல்ல பிரதி வேண்டும். செதுக்குபவரின் கோடு முடியிழை அளவுக்கு மெலிந்தது. புத்தகத்தில் கையளவுக்குச் சுருக்கி அச்சிட்ட படத்தில் அது மறைந்துவிடும். டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா ஆகிய மூன்றும் தங்கள் வரைபடங்களை உயர்ந்த துல்லியத்தில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆவணக் காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ அசலையே பார்க்க வாய்த்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். மைப் பேனா வேண்டாம்.

ஒரு குறிப்பேட்டைத் திறந்து, இடப்பக்கத்தில் "என்ன தெரிகிறது", வலப்பக்கத்தில் "அது என்ன சொல்கிறது" என்று எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நிறையும்வரை வலப்பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் "இவள் ஆப்பிரிக்கா" என்று முடிவுகட்டிவிட்டால், அவள் கையில் இருக்கும் பொருள் கண்ணில் படாமலே போய்விடும்.

படி 1: எப்படி அச்சானது என்று பாருங்கள்

மரக்கட்டை அச்சில், வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் கோட்டில் மை தடவுவார்கள். கோடு தடித்திருக்கும். செப்புத்தகட்டில் நேர்மாறு: கூர்மையான உளியைக் கையால் தள்ளிப் பள்ளம் வெட்டுவார்கள். தகடு முழுவதும் மை பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு தாளில் நீள்சதுரமாக ஒரு பள்ளத்தை விட்டுச்செல்லும். அசல் பிரதியை அடையாளம் காண அந்த விளிம்புத் தடம் முதல் சாட்சி.

பண்டைய புவியியலாளர் தாலமியின் நூல் செப்புத்தகட்டு வரைபடங்களுடன் முதன்முதலில் 1477இல் இத்தாலியின் பொலோனாவில் அச்சானது. அதற்குப் பிறகும் மரக்கட்டை அச்சு நெடுங்காலம் தொடர்ந்தது. செபாஸ்டியன் மூன்ஸ்டர் 16ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட தப்ரபேன் தீவின் படம் மரக்கட்டை அச்சுதான். பழைய கிரேக்கர்கள் இலங்கைக்கு வைத்த பெயர் தப்ரபேன். மூன்ஸ்டரின் பிற்காலப் பதிப்பு அதைச் சுமத்ரா என்று குழப்பிக்கொண்டது. தீவின் அருகே பெரிய யானை ஒன்று நிற்கிறது. அதன் தடித்த கோடுகளையும் ஏதாவது ஒரு செப்புத்தகட்டு யானையையும் அடுத்தடுத்துப் பாருங்கள்; இரண்டு முறைகளின் வேறுபாட்டை மறக்க மாட்டீர்கள்.

சித்திரத்தைப் படிக்க வந்தவருக்கு இது எதற்கு என்றால், தகட்டுக்கு நீண்ட ஆயுள் உண்டு. பின்புறமிருந்து சுத்தியலால் தட்டி, முன்புறத்தை மெருகிட்டுச் சமப்படுத்தி, பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை வெட்டலாம். 1629இல் இளைய யொடோகுஸ் ஹொண்டியுஸ் இறந்த பிறகு, ஆம்ஸ்டர்டாமின் வரைபட வெளியீட்டாளர் வில்லெம் பிளாவ் அவருடைய தகடுகள் பலவற்றை வாங்கி, பெயரை மாற்றித் தன் அட்லஸில் சேர்த்துக்கொண்டார். ஆகவே தாள் அச்சான ஆண்டு வேறு, சித்திரம் பிறந்த ஆண்டு வேறாக இருக்கலாம். குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்குங்கள்.

படி 2: ஓரத்தைச் சுற்றி வாருங்கள்

நடுவிலிருந்து தொடங்காதீர்கள். ஓரத்தில் பொருள் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் கீழே பெயரும் இருக்கும். பயிற்சிக்கு மிகச் சிறந்தது பிளாவ் 1606இல் முதலில் வெளியிட்டு, பிறகு 1630களில் தன் அட்லஸ்களிலும் சேர்த்த உலகப் படம்.

மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஏழு உருவங்கள்: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. ராகு கேது நீங்கலாக நமக்குப் பழக்கமான அதே ஏழு பேர். வரிசையைக் கவனியுங்கள். பூமியை நடுவில் வைத்து எண்ணும் பழைய வரிசை அது. அதனால்தான் சூரியன் நான்காம் இடத்தில் நிற்கிறான். பிளாவ் சாதாரணமானவர் அல்லர். வானியலாளர் டைக்கோ பிராஹேவிடம் வேலை கற்றவர். அப்படிப்பட்டவரின் படத்திலும் ஓரத்தில் அந்தப் பழைய வரிசையே நிற்கிறது. இடது ஓரத்தில் நெருப்பு, காற்று, நீர், நிலம். ஐம்பூதம் என்று சொல்லிப் பழகிய நாம் ஆகாயத்தைத் தேடுவோம். ஐரோப்பிய மரபின் இந்த வரிசையில் பூதங்கள் நான்குதான். வலது ஓரத்தில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம். கீழே பழைய உலகின் ஏழு அதிசயங்கள்.

இப்போது நான்கு ஓரங்களையும் சேர்த்துப் படியுங்கள். மேலே வானம், இடப்புறம் பொருள், வலப்புறம் காலம், கீழே மனிதன் கட்டியது. படைப்பு முழுவதும் ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்கின் நடுவில் இந்த உலகம் இருக்கிறது. அதை ஒரே தாளில் உங்கள் சுவரில் மாட்டலாம் என்று அந்தப் படம் வாங்குபவரிடம் சொல்கிறது. அது விற்பனைப் பொருள் என்பதை எந்தக் கட்டத்திலும் மறக்க வேண்டாம்.

பிளாவின் கண்டப் படங்களில் ஓரம் வேறு வேலை செய்கிறது. 1617இல் வந்த ஆசியப் படத்தின் மேல் ஓரத்தில் ஒன்பது நகரக் காட்சிகள் உள்ளன: கண்டி, கோழிக்கோடு, கோவா, டமாஸ்கஸ், எருசலேம், ஹொர்முஸ், பாண்டம், ஏடன், மக்காவ். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் யார் இல்லை என்று கேளுங்கள். பீஜிங் இல்லை. ஆக்ரா இல்லை. மதுரையும் இல்லை. எருசலேமும் டமாஸ்கஸும் வேதாகமத்தால் இடம்பெற்றவை என்று கொள்ளலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை மிளகும் பட்டையும் துணியும் குதிரையும் கைமாறிய இடங்கள், அல்லது போர்த்துகீசியர்கள் பிடித்துவைத்திருந்த, டச்சுக்காரர்கள் கண்வைத்திருந்த துறைமுகங்கள். டச்சுக் கப்பல்கள் முதன்முதலில் ஜாவாத் தீவின் பாண்டத்தை அடைந்தது 1596இல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602இல். பிளாவே 1633இல் அந்தக் கம்பெனியின் வரைபட அலுவலரானார். ஆசியாவை ஒன்பது கட்டத்தில் சொல்லும்போது எந்த ஒன்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே ஒரு கருத்து.

பக்க ஓரங்களில் அந்தந்த நாட்டு ஆணும் பெண்ணும் தங்கள் உடையில் நிற்பார்கள். இங்கே உடையை மட்டுமல்லாமல் வரிசையையும் பாருங்கள். ஜான் ஸ்பீட் வெளியிட்ட 1611ஆம் ஆண்டு ஆங்கிலேய அட்லஸில் அயர்லாந்தின் படம் இருக்கிறது. அதன் ஓரத்தில் மூன்று இணைகள். மேலே அயர்லாந்தின் கனவானும் சீமாட்டியும். நடுவில் "நாகரிகமான" ஐரிஷ் ஆணும் பெண்ணும். கீழே "காட்டு" ஐரிஷ் ஆணும் பெண்ணும். ஒரு மக்களை மூன்று படிகளாக அடுக்கி, யார் தங்களைப் போல் உடுத்துகிறார்களோ அவர்களை மேலே வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தை இங்கிலாந்து அடக்கி முடித்த காலத்தில் வந்த படம் இது என்பது தெரிந்தால், அந்த ஓரம் ஓர் அரசாணையைப் போலவே படிக்கக் கிடைக்கும்.

படி 3: தலைப்புச் சட்டத்தைப் படியுங்கள்

வரைபடத்தின் பெயரைச் சுற்றி வரும் அலங்காரச் சட்டத்தைக் கார்ட்டூஷ் என்பார்கள். இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, வடிவத்தைக் கொண்டு காலத்தை ஊகிப்பது. தோல் பட்டையையோ உலோகத் தகட்டையோ வெட்டி, வளைத்து, சுருட்டியது போன்ற சட்டம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 17இன் தொடக்கத்துக்கும் உரியது. கனத்த திரைச்சீலை, பழக்குலை, சிறகு முளைத்த குழந்தைகள், தசை முறுக்கேறிய தேவர்கள் எல்லாம் வந்துவிட்டால் 17ஆம் நூற்றாண்டின் பரோக் என்ற ஆடம்பரப் பாணி. இடமும் வலமும் ஒத்துப்போகாமல், கிளிஞ்சலும் கொடியுமாக நெளிந்தால் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதன் இறுதியில் கற்பலகை, கலசம், இடிந்த தூண் என்று அடங்கிவிடும். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. பழைய தகடு பல பதிப்புகளுக்கு உழைத்திருக்கலாம் என்று மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்.

இரண்டு, சட்டத்துக்குள்ளும் ஓரத்திலும் பொடியாக இருக்கும் பெயர்களைத் தேடுவது. பெயருக்குப் பின்னால் வரும் நான்கு லத்தீன் சொற்கள் தெரிந்தால் போதும். "டெலினியாவிட்" என்றால் அவர் வரைந்தவர். "இன்வெனிட்" என்றால் சித்திரத்தைக் கற்பனை செய்து அமைத்தவர். "ஸ்கல்ப்சிட்" என்றால் தகட்டில் செதுக்கியவர். "எக்ஸ்குடிட்" என்றால் அச்சிட்டு வெளியிட்டவர். டெல்., இன்வ்., ஸ்கல்ப்., எக்ஸ்க். என்று சுருக்கியும் போடுவார்கள். நிலத்தை அளந்தவர் ஒருவர், ஓரத்துச் சிங்கத்தை வரைந்தவர் இன்னொருவர் என்பது இப்படித்தான் வெளிப்படும். குலச்சின்னங்களையும் இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1579இல் முடிந்த கிறிஸ்டபர் சாக்ஸ்டனின் இங்கிலாந்து அட்லஸில் எலிசபெத் அரசியின் சின்னமும், பணம் கொடுத்து ஆதரித்த தாமஸ் செக்ஃபோர்டின் சின்னமும் இடம்பெற்றிருக்கும். யார் நிலம், யார் பணம் என்ற இரண்டும் சின்னமாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

மூன்று, காட்சியைப் படிப்பது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவை ஜோஷுவா ஃப்ரையும் பீட்டர் ஜெஃபர்சனும் அளந்த வரைபடம் 1750களில் லண்டனில் அச்சானது. அதன் கார்ட்டூஷ் ஒரு படகுத்துறை. புகையிலை அடைத்த பெரிய பீப்பாய்கள் கிடக்கின்றன, பின்னால் கப்பல்கள். தோட்ட முதலாளிகள் சாவகாசமாகக் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பானம் கொண்டுவந்து கொடுப்பவரும் பீப்பாய்களோடு உழைப்பவர்களும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். செதுக்கியவர் இதைக் கண்டனமாகச் செய்யவில்லை. செழிப்பின் காட்சியாகத்தான் செய்தார். ஆனால் அந்தக் குடியேற்றத்தின் செல்வம் எதிலிருந்து வந்தது, யார் தோள்மீது வந்தது என்பதை ஆறுகளும் மாவட்டங்களும் சொல்லாதபோது இந்த மூலை சொல்லிவிடுகிறது. அடிமைமுறை பற்றி வரைபடத்தில் எழுத்தாக எதுவும் தேட வேண்டியதில்லை. துறையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பார்த்தால் போதும்.

படி 4: நான்கு பெண்களை அடையாளம் காணுங்கள்

கண்டங்களைப் பெண்களாக வரைவது இந்த வரைபடங்களின் பொதுமொழி. இத்தாலியரான சேசரே ரிபா 1593இல் வெளியிட்டு, 1603இல் படங்களுடன் விரிவாக்கிய உருவகக் கையேடு இதற்கு அகராதி போலவே பயன்பட்டது. அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஐரோப்பா: கிரீடம், குதிரை, ஆயுதங்கள், புத்தகங்கள்.
ஆசியா: பூமாலை, ஒட்டகம், புகையும் தூபக்கலசம், வாசனைப் பொருள்கள்.
ஆப்பிரிக்கா: தலையில் யானைத்தலை அணி, தேள், சிங்கம், பாம்பு, தானியக் கதிர்கள்.
அமெரிக்கா: இறகுகள், வில் அம்பு, முதலை போன்ற பல்லி, காலடியில் வெட்டுண்ட மனிதத் தலை.

பட்டியலைப் படிக்கும்போதே ஒன்று உறுத்தும். புத்தகமும் கிரீடமும் ஒருத்திக்கு மட்டும்தான். மற்ற மூவருக்கும் அவர்கள் நாட்டில் விளைவதும் திரிவதும்தான் அடையாளம்.

ரிபாவுக்கு முன்பே, 1570இல் ஆபிரகாம் ஒர்டெலியுஸ் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட அட்லஸின் முகப்புப் பக்கம் இந்த அடுக்கை மேடையாகவே கட்டிவிட்டது. உச்சியில் கிரீடத்துடன் ஐரோப்பா அமர்ந்திருக்கிறாள். ஒரு புறம் தூபக்கலசத்துடன் ஆசியா, மறுபுறம் தலையைச் சுற்றிச் சூரியக் கதிர்களுடன் ஆப்பிரிக்கா. கீழே தரையில் ஆடையின்றி அமெரிக்கா, கையில் ஒரு மனிதத் தலையுடன். அவளருகே இன்னோர் உருவம் இருக்கிறது. பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். மார்பளவுச் சிலை மட்டும்தான், உடல் இல்லை. அவள் மகெல்லானிகா, அதாவது தெற்கே இருப்பதாக அன்று நம்பப்பட்ட பெருநிலம். மகெல்லன் கடந்துபோன தியெரா தெல் ஃபுவேகோவின் ("நெருப்பு நிலம்" என்று பொருள்) நெருப்பைக் குறிக்க அவளுடன் ஒரு சுடர். கண்டது கொஞ்சம் என்பதால் உடலும் கொஞ்சம். அறியாமையை இவ்வளவு நேர்மையாகவும் அழகாகவும் உருவமாக்கிய வேறு சித்திரத்தை நான் பார்த்ததில்லை.

படி 5: கடலில் இறங்குங்கள்

கடல் பூதங்கள் பற்றி முதலில் ஒரு நம்பிக்கையைக் களைய வேண்டும். தெரியாத இடத்தில் "இங்கே டிராகன்கள் உள்ளன" என்று பழைய வரைபடங்களில் எழுதுவார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த லத்தீன் வாசகத்துக்குப் பெயர்பெற்றது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கும், ஏறத்தாழ 1510ஐச் சேர்ந்த ஒரு சிறிய செம்பு உலக உருண்டை. அச்சான வரைபடங்களின் வழக்கம் அது அல்ல.

பூதங்கள் உண்மையில் எப்படி வேலை செய்தன என்பதை அறிய ஒர்டெலியுஸின் ஐஸ்லாந்து வரைபடத்தைத் திறந்துவையுங்கள். தகட்டில் 1585 என்று இருக்கும். அட்லஸில் சேர்ந்தது 1590இல். தீவைச் சுற்றிக் கடல் முழுவதும் விலங்குகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எழுத்து. அந்த எழுத்துக்கான விளக்கம் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் எழுத்து நார்வால் என்ற திமிங்கில வகைக்கு: ஏழு முழம் நீண்ட பல் அதன் தலையின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும், அதை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லி விற்றார்கள் என்று குறிப்பு சொல்கிறது. இது அப்பட்டமான உண்மை. ஐரோப்பிய அரண்மனைகளில் அந்தக் கொம்பு நஞ்சு முறிக்கும் மருந்தாக மதிக்கப்பட்டது. அடுத்து, மீனவர்களுக்காக மற்றத் திமிங்கிலங்களோடு சண்டையிடும் சாதுவான திமிங்கிலம். அதைக் கொல்லக் கூடாது என்று ஆணையே உண்டாம். வாலை ஊன்றி நாள் முழுவதும் நிமிர்ந்து நிற்கும் ஒன்று. கடலிலிருந்து கரையேறி மேயும் கடல்மாடுகள். வடகிழக்கே மிதக்கும் பனிப்பாறைகளில் துருவக் கரடிகள். தீவுக்குள் ஹெக்லா எரிமலை நெருப்பும் கல்லும் கக்குகிறது.

நார்வாலும் கரடியும் எரிமலையும் மெய். வாலில் நிற்பது மீனவர் கதை. இரண்டையும் ஒரே உளி, ஒரே கவனத்தோடு செதுக்கியிருக்கிறது. செதுக்கியவர் கையில் இருந்தது எழுத்திலும் வாய்மொழியிலும் வந்த செய்தி, அதில் எது மெய் என்று பிரிக்க அவருக்கு வழியில்லை. எனவே கடல் விலங்கைக் கண்டால் "கற்பனை" என்று எழுதிவிடாதீர்கள். எழுத்துக் குறி இருக்கிறதா, பின்புறத்தில் விளக்கம் இருக்கிறதா, எந்தக் கடலில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலைக் கண்டால் கொடியைப் பாருங்கள்; எந்த நாட்டுக் கப்பல்கள் எந்தக் கடலில் மிதக்கின்றன, யார் யாரைச் சுடுகிறார்கள் என்பது உரிமைப் பேச்சு. 1516இல் ஜெர்மன் வரைபடக்காரர் வால்ட்சேமுல்லரின் கடல் வரைபடத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனை அருகே போர்த்துகல் அரசர் மனுவேல் ஒரு கடல் விலங்கின்மேல் சவாரி செய்கிறார். அது மரக்கட்டை அச்சு. ஆனால் இந்தியாவுக்கான கடல்வழி யாருடையது என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன சித்திரம் வேறில்லை. திசைகாட்டிச் சக்கரத்தில் வடக்கை அல்லிமலர் போன்ற சின்னம் குறிக்கும். சிலவற்றில் கிழக்கே சிறு சிலுவை இருக்கும், அது புனித நிலத்தின் திசை. அளவுகோலின்மேல் விரித்துவைத்த கவராயம், இந்தப் படம் அளந்து செய்தது என்ற உறுதிமொழி.

படி 6: நிலத்தின் உட்புறம்

பிளாவின் ஆப்பிரிக்கப் படத்தில் உள்நாடு முழுவதும் யானை, சிங்கம், குரங்கு, தீக்கோழி. கடற்கரையில் பெயர்கள் நெருக்கியடிக்கும். உள்ளே போகப் போக விலங்குகள் பெருகும். விலங்குகளின் அடர்த்தியைக் கொண்டே அறிவின் எல்லையை வரைந்துவிடலாம். 1749இல் பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வில் தன் ஆப்பிரிக்கப் படத்தில் உறுதியாகத் தெரியாத இடங்களை வெறுமையாக விட்டார். அறிவியல் நேர்மை என்று அது போற்றப்பட்டது; போற்றத் தகுந்ததும்தான். ஆனால் அந்த வெறுமையையும் ஒரு சித்திரமாகவே பாருங்கள். தெரியாத நிலம் என்பதை ஆளில்லாத நிலம் என்று பின்னாளில் படித்தவர்கள் உண்டு.

அரிதாக நிலமே உருவமாகிவிடும். 1583இல் மிஹாயேல் ஐட்சிங்கர் வெளியிட்ட, ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் செதுக்கிய படத்தில் நெதர்லாந்தின் பதினேழு மாகாணங்களும் சேர்ந்து ஒரு சிங்கம். பல மாகாணங்களின் சின்னத்தில் சிங்கம் இருந்தது இதற்கு வாகாயிற்று. 1609இல் ஸ்பெயினுடன் பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் வந்தபின் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் வெளியிட்ட சிங்கப் படத்தில் போர் ஒரு மனிதனாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்குகிறது, சாகவில்லை. 1621இல் அது விழித்துக்கொண்டது.

படி 7: வேறு இடத்திலிருந்து எடுத்ததா?

ஒரு சித்திரத்துக்குப் பொருள் சொல்லும் முன் அதே சித்திரம் வேறு வரைபடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். லண்டனில் வேலை செய்த ஹெர்மன் மோலின், 1715ஆம் ஆண்டுக்குரிய வட அமெரிக்கப் படத்தில், நயாகரா அருவியின் அடியில் நீர்நாய் போன்ற பீவர்கள் வரிசையாக மரம் தூக்கிப்போய் அணை கட்டும் காட்சி மிகப் புகழ்பெற்றது. அது 1698இல் பிரெஞ்சுக்காரர் நிக்கொலா த ஃபேர் வெளியிட்ட அமெரிக்கப் படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உழைப்புக்கு உவமையாகவும், தொப்பிக்குத் தோல் தரும் வணிகப் பொருளாகவும் பீவர் இரட்டை வேலை செய்தது. பிரெஞ்சுக்காரர் வைத்த அதே உவமையை ஆங்கிலேயக் குடியேற்றத்தைப் புகழ மோல் எடுத்துக்கொண்டார். இரவல் என்பதால் பொருள் இல்லாமல் போகாது. ஆனால் "மோல் என்ன நினைத்தார்" என்று எழுதுவதற்கு முன் "மோல் எதைத் தேர்ந்தெடுத்தார்" என்று கேட்க வேண்டும்.

படி 8: யாருக்காக, யாரை விட்டுவிட்டு?

இதுவரை வந்த படிகளையெல்லாம் ஓரிடத்தில் செய்து பார்க்க, ஜேம்ஸ் ரென்னல் 1782இல் லண்டனில் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடத்தின் கார்ட்டூஷை எடுத்துக்கொள்ளுங்கள். ரென்னல் 1767இல் வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளரானவர். இந்தியத் துணைக்கண்டத்தின் நவீன வரைபடத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

இடப்பக்கத்துக் குறிப்பு: ஒரு பெண். அவளிடம் சுவடிகளைக் கொடுக்கும் ஆண்கள். எழுத்துப் பொறித்த ஒரு பீடம். அதைச் சுட்டிக்காட்டும் ஒரு சிப்பாய், கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு சிப்பாய்.

வலப்பக்கத்தை நிரப்ப நமக்கு அரிய வசதி இருக்கிறது. வரைபடத்துடன் 1783இல் வெளியிட்ட விளக்க நூலில் ரென்னலே பொருள் சொல்லிவிட்டார். பெண் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனின் உருவகம். பண்டிதர்கள் இந்துக்களின் புனித நூல்களை அவளுடைய பாதுகாப்பில் ஒப்படைக்கிறார்கள். வங்காள மக்களுக்குச் சாதகமாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1781இல் தலையிட்டதைக் குறிப்பது இது. வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்கு இந்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்று அந்த ஆண்டின் சட்டம் வகுத்தது. பீடத்தில் இந்தியாவில் பிரிட்டிஷாரின் செல்வாக்கை நிலைநாட்டிய வெற்றிகளின் பெயர்கள். அவற்றில் அண்மைய இரண்டை ஒரு சிப்பாய் தன் தோழனுக்குக் காட்டுகிறான்: போர்ட்டோ நோவோ, சோளிங்கர்.

போர்ட்டோ நோவோ நம் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1இல் அங்கும், அதே ஆண்டு செப்டம்பர் 27இல் சோளிங்கரிலும் தளபதி அயர் கூட்டின் படை ஹைதர் அலியை வென்றது. லண்டனில் வரைபடத்தை விரித்தவர் இந்த மூலையில் பார்த்தது இரண்டு தமிழ் ஊர்களைத்தான்.

இப்போது இல்லாததைக் கேளுங்கள். பீடத்தில் வெற்றிகள் மட்டுமே. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பிரிட்டிஷ் தரப்பின் கர்னல் பெய்லியின் படை ஹைதரிடமும் திப்புவிடமும் அழிந்தது. வெற்றிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்தப் போரில் ஊர்கள் எரிந்து, பஞ்சம் சென்னைவரை வந்து, 1782இல், இந்த வரைபடம் வெளியான அதே ஆண்டில், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் பின்னர் மணியக்காரர் சத்திரம் என்றும் கஞ்சித்தொட்டி என்றும் பெயர்பெற்றது. படத்தில் ஹைதர் இல்லை, பஞ்சம் இல்லை. வெற்றியைப் பேசும் வாய் ஓர் இந்தியச் சிப்பாயுடையது. அதைக் கேட்கும் காதும் இந்தியனுடையது. ஆளப்படுகிறவர்களே சாட்சி சொல்கிறார்கள் என்ற தோற்றத்தை உண்டாக்க இதைவிடத் தேர்ந்த வழி இல்லை. பண்டிதர்கள் தாங்களாகவே நூலைக் கொடுப்பதாக வரைந்ததும் அதற்காகத்தான் என்று நான் படிக்கிறேன்.

ரென்னலே விளக்கம் தந்துவிட்டாரே, நாம் வேறு படிக்க வேண்டுமா என்று தயங்க வேண்டாம். வரைந்தவரின் விளக்கம் குறிப்பேட்டில் முதல் வரி. அடுத்த வரி நம்முடையது.

படி 9: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

செப்புத்தகட்டிலிருந்து வந்தது கறுப்பு மட்டும்தான். நிறம் கையால் தீட்டியது. அச்சான காலத்திலும் இருக்கலாம், போன வாரத்திலும் இருக்கலாம். ஆகவே கொடியின் நிறத்தையோ உடையின் நிறத்தையோ வைத்து விளக்கம் எழுதாதீர்கள். பழைய வண்ணத்துக்கு ஒரு நல்ல சாட்சி பச்சை: செம்பிலிருந்து செய்த பச்சை காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறம் பழுப்பாக ஊறியிருக்கும். நியூரம்பர்க்கின் ஹோமன், அவுக்ஸ்பர்கின் சாய்ட்டர் ஆகியோரின் வரைபடங்களில் நாடுகளுக்கு அழுத்தமாக வண்ணம் தீட்டிவிட்டு, கார்ட்டூஷைக் கறுப்புவெள்ளையாகவே விடுவது அக்கால வழக்கம். அத்தகைய படத்தில் கார்ட்டூஷ் பளபளவென்று வண்ணமாக இருந்தால், பின்னால் யாரோ சேர்த்தது என்று சந்தேகியுங்கள்.

வாங்க நினைப்பவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது நவீன அச்சு. விளிம்புத் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப்பார்க்க அனுமதி கேளுங்கள். பின்னாளில் வண்ணம் தீட்டியது குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். எனவே விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு முதலில் பிளாவின் உலகப் படம், பிறகு ஒர்டெலியுஸின் ஐஸ்லாந்து, அதன்பின் ரென்னல் என்ற வரிசை சரியாக இருக்கும். பெயர் எழுதிய கட்டங்களிலிருந்து எழுத்துக் குறிகளுக்கும், அங்கிருந்து எதுவும் எழுதாத காட்சிக்கும் படிப்படியாகப் போகலாம். இணையத்தில் தேடும்போது பழைய படங்களுக்கு லத்தீன் தலைப்பையே தட்டச்சு செய்யுங்கள். ஒரே தகட்டின் பல பிரதிகள் கிடைக்கும். அவற்றில் வண்ணமற்ற பிரதி ஒன்றைத் தேர்ந்து முதலில் குறிப்பெடுங்கள். வண்ணப் பிரதியை அதற்குப் பிறகு திறக்கலாம்.